எட்டாம் ஹென்றியின் பொன்னாடை

அத்தியாயம் 6

"அண்ணை, அழுது முடிச்சிட்டீங்களெண்டால் ஒரு கேள்வி கேக்கலாமோ?"

பிரபா அக்கா இதைக் கேட்டபோது எங்கள் கார் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தில், தொங்கு ரயில் பாதைக்குக் கீழே, சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தது. பின்சீட்டில் விஜயரத்தினம் அண்ணை மூக்கைச் சிந்தினார்.

"நான் அழேல்லை. எனக்குப் பூந்தாது ஒத்துவராது. அலேர்ஜி."

"கார்த்திகை மாசத்தில என்ன பூ அண்ணை பூக்குது?" என்று நான் கேட்டேன்.

"சதீசன், நீ வாயை மூடிக்கொண்டு ஓட்டு."

அது மட்டும் என்னால் முடியாது. நான் சதீசன். முன்பு பீட்சா கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன், இப்போது பிரபாலினி அக்காவின் துப்பறியும் அலுவலகத்தில் சாரதி, உதவியாளர், காப்பி போடுபவர், எல்லாம் நானே. அக்கா ஜெர்மன்காரருக்குக் காப்புறுதி மோசடிகளைக் கண்டுபிடிப்பார், நம்மவருக்கு மாப்பிள்ளை விசாரிப்பார். மாப்பிள்ளை விசாரணையில்தான் பொய் அதிகம்.

இந்த முறை வந்தது வேறு மாதிரியான வழக்கு. விஜயரத்தினம் அண்ணையின் ஒரே மகள் தேனுஜா பான் நகரப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். நம்மவர் வீடுகளின் மற்றப் பிள்ளைகள் தாதி வேலை, கணினி, கணக்கியல் என்று போக, இவள் மட்டும் பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசவைக்குப் போன பிரெஞ்சுத் தூதர்களைப் பிடித்துக்கொண்டாள். எட்டாம் ஹென்றியின் விருந்தில் எந்தத் தூதர் எந்தக் கதிரையில் இருந்தார், யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இதைப் படித்து என்ன வேலை எடுக்கலாம் என்று சனம் அண்ணையைக் கேட்கும். அவர் நெஞ்சை நிமிர்த்தி, "தூதராகலாம்" என்பார்.

அந்த ஆராய்ச்சியின் உயிர் ஒரு துணியில் இருந்தது. கருஞ்சிவப்புப் பட்டில் தங்க இழை ஓடிய, சால்வை அளவுத் துணி. ஹென்றி தன் இரண்டாம் ராணி ஆன் போலினோடு இருந்த காலத்தில், பதவி முடிந்து ஊர் திரும்பிய ஒரு பிரெஞ்சுத் தூதரின் தோளில் அரசனே தன் கையால் போர்த்திவிட்டது என்று கதை. கேட்டவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. பொன்னாடை. அதை நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

துணியின் சொந்தக்காரி கொப்லென்ஸில் இருக்கும் ஹோல்ட்ஹவுஸன் என்ற சீமாட்டி. தேனுஜாவை நம்பி அதை ஆராயக் கொடுத்திருந்தார். கொலோனில் பழந்துணி பழுதுபார்க்கும் ஒருவரிடம் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும் என்பதால், வெள்ளிக்கிழமை தேனுஜா அதை ஒரு நீண்ட அட்டைக் குழாய்க்குள் சுருட்டி வுப்பர்டாலில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்தாளாம்; இது அவள் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னது. சனிக்கிழமை எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழா. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் குழாய் காலி. விழாப் படங்களைப் பார்த்தவள் அலறியிருக்கிறாள். பிரதம விருந்தினரின் தோளில் கிடந்தது எட்டாம் ஹென்றி போர்த்திய துணி. போர்த்தியவர் சங்கத் தலைவர், அதாவது அவளுடைய அப்பா.

இன்று புதன்கிழமை. நாளை மத்தியானத்துக்குள் துணி வராவிட்டால் பொலிசுக்குப் போவதாக அந்தச் சீமாட்டி சொல்லிவிட்டார். பொலிஸ் வந்தால் தேனுஜாவின் பட்டமும் போகும், பெயரும் போகும். மகளின் வாழ்க்கையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று அண்ணை ஞாயிற்றுக்கிழமையில் இருந்து ஒரு வாய் சோறு தின்னவில்லை. மனைவியும் பக்கத்தில் இல்லை. அவர் வியாழக்கிழமையே லண்டனுக்குக் கலியாணவீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதனால்தான் கூடுதலாகப் பகிடி விட்டேன்.

"என்ன கேள்வி?" என்றார் அண்ணை.

"பிரதம விருந்தினர் ரகுநாதன் அண்ணை பொய் சொல்லுவாரோ?"

"சேச்சே. அவர் மூண்டு கடை வைச்சிருக்கிறவர்."

"அப்ப சொல்லுவார்" என்றார் அக்கா.

* * *

பொன்னாடையை யாரும் உடுத்துவதில்லை. தோளில் விழுந்தவுடன் படம் எடுக்க வேண்டும். பிறகு மடித்து, வந்த அதே கண்ணாடிக் கவருக்குள் அட்டையோடு திரும்ப வைத்துவிட வேண்டும். கவர் கிழிந்தால் மரியாதை இல்லை. அடுத்த விழாவில் அது இன்னொருவர் தோளுக்குப் போகும், அங்கிருந்து இன்னொருவருக்கு. இது ஜெர்மனி முழுக்க எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே பொன்னாடையைத் தேடிப் போகிறவன் முதலில் பொய்யைத் தாண்ட வேண்டும்.

ரகுநாதன் அண்ணை தன் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று எங்களை வரவேற்றார்.

"பொன்னாடையோ? அதை நான் சாமியறையில வைச்சிருக்கிறன் தங்கச்சி. சங்கம் தந்த கௌரவம் எல்லோ. தினமும் பாத்துக் கும்பிடுறனான்."

விஜயரத்தினம் அண்ணையின் முகம் மலர்ந்தது. பிரபா அக்கா தலையை ஆட்டினார்.

"நல்லதாப் போச்சு அண்ணை. அதில ஒரு பூச்சி மருந்து பட்டிட்டுதாம். தொட்ட ஆக்களுக்குத் தோல் உரியுதாம். உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

ரகுநாதன் அண்ணை தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஒண்டுமில்லை. ஐயோ, அப்ப மகேந்திரராஜா மாஸ்ரருக்கு..."

"சாமியறை எப்ப அண்ணை மாஸ்ரர் வீட்டுக்குக் குடிபோனது?" என்றேன்.

அவர் என்னை விட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை மிருதங்க அரங்கேற்றத்தில் மாஸ்ரருக்குப் போர்த்திவிட்டதாக அக்காவின் காதுக்குள் சொன்னார். விஜயரத்தினம் அண்ணைக்குக் கேட்கக் கூடாதாம். அவர் இரண்டு அடி தள்ளித்தான் நின்றார், எல்லாம் கேட்டது. நான் கும்பிட்டுப் போர்த்தினதை மனுசன் ஒரு நாள்கூட வைத்திருக்கவில்லையே என்று அவர் கடை வாசல் வரைக்கும் புறுபுறுத்துக்கொண்டு வந்தார்.

மகேந்திரராஜா மாஸ்ரரை அக்கா காரில் இருந்தே தொலைபேசியில் பிடித்தார். ஒலிபெருக்கியில் போட்டதால் நாங்களும் கேட்டோம்.

"பொன்னாடையோ? எது பிள்ளை? இந்த மாசம் எனக்கு அலுமாரி நிறைய விழுந்து கிடக்கு."

"கருஞ்சிவப்பு, மாஸ்ரர். பாரமானது."

"ஆ, அந்தப் பாரமானதோ! கழுத்துச் சுளுக்கிப் போச்சு. அதைப் போட்டுக்கொண்டு மிருதங்கம் வாசிக்க ஏலாது பிள்ளை. தியாகராசாவின்ர அறுபதாம் கலியாணத்துக்கு முந்தநாள் பான் போனனான். அவருக்குப் போட்டிட்டு வந்திட்டன்."

மாஸ்ரர் நல்ல மனிதர். உண்மையை வெட்கமில்லாமல் சொல்கிற ஆளை எனக்கு எப்போதும் பிடிக்கும். காரைப் பான் பக்கம் திருப்பினேன்.

* * *

அவுட்டோபான் நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகரவில்லை. அண்ணைக்குச் சாப்பிட ஒரு ரோல்ஸை நீட்டினேன். வேண்டாம் என்றார். அவருடைய மனத்தை மாற்ற, தூதர்களைப் பற்றிக் கேட்டேன்.

"பிள்ளை சொல்லும்," என்று தொடங்கினார். "பிரெஞ்சு அரசரின்ர தூதரும் ஜெர்மனியை ஆண்ட பேரரசரின்ர தூதரும் ஒரே மேசையில இருக்க மாட்டினமாம். ஆர் அரசனுக்குக் கிட்ட எண்டு போட்டி. அதுக்காக ஹென்றியின்ர ஆக்கள் ஒருத்தரை ஒருநாள் கூப்பிட்டு, மற்றவரை இன்னொரு நாள் கூப்பிடுவினமாம்."

"எங்கட சங்கத்தில எப்படி அண்ணை?" என்றார் அக்கா.

"குத்துவிளக்குக்கு ஐஞ்சு முகம். பிரமுகர் ஏழு பேர். என்ன செய்யிறது? இரண்டு விளக்கு வாங்கினனான்."

"அப்ப எது முதல் விளக்கு எண்டு சண்டை வரேல்லையோ?"

"வந்தது" என்றார் அண்ணை.

அவர் வாயோரம் லேசாகச் சிரித்தது போலத் தெரிந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டார். சிரிக்கக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். அக்கா கண்ணாடிக்குள் அவரைப் பார்த்துவிட்டு வெளியே திரும்பிக்கொண்டார்.

"அரசன் குடுத்த பரிசு பெறுமதியானதோ எண்டு பாக்க, தூதரின்ர செயலாளர் அடுத்த நாளே பொற்கொல்லனிட்டப் போவாராம்," என்றார் அண்ணை. "பிள்ளை சொன்னது."

"அடுத்த நாளோ? நாங்கள் மண்டபத்தின்ர வாசலிலயே பாத்திடுவமே" என்றேன்.

* * *

பானில் தியாகராசா அண்ணை வீட்டில் இல்லை. கதவைத் திறந்தவர் மனைவி ரஞ்சினி அக்கா. விஷயத்தைக் கேட்டவுடன் அவர் எங்களை நேரே படுக்கையறை அலுமாரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். திறந்தார். கவர் போட்ட பொன்னாடைகள் கடையில் இருப்பதைவிட ஒழுங்காக அடுக்கியிருந்தன.

"ஆர் எது தந்தது எண்டு எல்லாம் என்ர மண்டைக்குள்ள இருக்கு" என்றார் பெருமையோடு. "மறந்துபோய்த் தந்த ஆளுக்கே திருப்பிப் போர்த்தினா மானம் போயிடும். இந்தாங்கோ, இது மாஸ்ரர் போட்டது."

அக்கா கையை நீட்டினார். ரஞ்சினி அக்கா கவரை விடவில்லை.

"எடுங்கோ. ஆனா பதிலுக்கு ஒண்டு தரவேணும். சனிக்கிழமை எங்களுக்கு ஒரு பிறந்தநாள் இருக்கு."

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். விஜயரத்தினம் அண்ணை தன் தோள்பையைத் திறந்து, அதற்குள் இருந்து பச்சை நிறத்தில் ஒரு புதுப் பொன்னாடையை எடுத்துக் கொடுத்தார். உலகம் இடிந்து தலையில் விழுந்தாலும் சங்கத் தலைவரின் பையில் ஒன்று இருக்கும் போலிருக்கிறது. ரஞ்சினி அக்கா அதைத் தடவிப் பார்த்து, தரம் போதும் என்று தலையாட்டினார்.

சாப்பாட்டு மேசையில் வைத்துக் கவரைத் திறந்தோம். தேனுஜா அனுப்பிய படத்தோடு ஒப்பிட்டோம். அதே கருஞ்சிவப்பு, அதே தங்க இழை, கையில் எடுத்தால் அதே பாரம். விஜயரத்தினம் அண்ணை துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்த முறை அலேர்ஜி என்று சொல்லவில்லை.

"முடிஞ்சுது அக்கா!" என்றேன். "காரை எடுக்கட்டோ?"

அக்கா துணியைப் பார்க்கவில்லை. கவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கவருக்குள் இருந்த அட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு துணியில் ஆழமாக விழுந்திருந்த மடிப்புக் கோடுகளை விரலால் தடவினார். கடைசியில் ஒரு மூலையில் உள்துணியின் தையலைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். மற்ற இடமெல்லாம் நூல் மங்கியிருக்க, அந்த மூலையில் மட்டும் நூல் புதிதாகச் சிவந்திருந்தது.

"அண்ணை, சனிக்கிழமை நீங்கள் இதை எங்க இருந்து எடுத்தனீங்கள்?"

"வழமையா எடுக்கிற இடத்திலதான். எங்கட அலுமாரியின்ர மேல்தட்டில எல்லாம் அடுக்கியிருக்கு. மேல கிடந்ததை எடுத்தனான்."

"கவரோடயோ?"

"கவரில்லாம மேடைக்குக் கொண்டுபோக ஏலுமே?"

"அப்ப குழாயைத் திறந்தது?"

விஜயரத்தினம் அண்ணை நிமிர்ந்தார். "என்ன குழாய்?"

 பிரபா அக்கா துணியை மெதுவாக மடித்துத் திரும்பக் கவருக்குள் வைத்தார்.

"சும்மா கேட்டனான் அண்ணை. வாங்கோ, தேனுஜாவிட்டக் குடுப்பம்."

* * *

பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு முன்னால் அண்ணையைக் காரில் இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் படியேறினோம். நான் இரண்டு படிக்கு ஒரு கேள்வி கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமையில இருந்து எல்லாரும் அண்ணை துணியை எடுத்தவர் எண்டுதான் கதைச்சம்," என்றார் அக்கா. "நானும்தான். எங்க இருந்து எடுத்தவர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. பழைய துணியைச் சுருட்டித்தான் வைப்பினம், மடிச்சால் இழை உடையும். சுருட்டி வந்த துணி அலுமாரிக்குள்ள மடிச்சு, அட்டை வைச்சு, கவர் போட்டுக் கிடந்திருக்கு. அதை அங்க வைச்சது ஆர்?"

"மனுசி?"

"அவ வியாழக்கிழமை லண்டன் போயிட்டா. துணி வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வந்தது."

மிச்சம் இருந்தது ஒருத்திதான். நான் படியில் நின்றுவிட்டேன். "தன்ர துணியைத் தானே ஏன் அக்கா?"

"வா, கேப்பம்."

தேனுஜாவின் அறையில் சுவரெல்லாம் தாடி வைத்த பிரெஞ்சுக்காரர்கள். எல்லாரும் உரோமம் வைத்த மேலங்கி, கழுத்தில் தங்கச் சங்கிலி. வெயில் காலத்தில் என்ன செய்தார்களோ தெரியாது. தேனுஜா மெலிந்த பெண், பெரிய கண்ணாடி போட்டிருந்தாள். அக்கா கவரைத் தூக்கிக் காட்டியபோது அவள் எழுந்து ஓடிவரவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கிடைச்சிட்டுதோ?" என்றாள். 

"ஓம். நல்லா இருக்குதோ எண்டு பாப்பம்."

சொல்லிக்கொண்டே அக்கா துணியை வெளியே இழுத்து, மொட்டைமாடியில் காயப்போடும் படுக்கை விரிப்பைப் போல இரண்டு கையாலும் படாரென்று உதறினார். தூசி பறந்தது. ஒரு தங்க இழை பிய்ந்து என் சப்பாத்தில் விழுந்தது. நான்தான் ஐயோ என்று கத்தினேன். தேனுஜா கத்தவில்லை.

அக்கா துணியை மேசையில் போட்டார்.

"ஐந்நூறு வருசத்துத் துணியை இப்படி உதறினா, அதை ஆராயிற பிள்ளை என்ர கையைக் கடிச்சிருக்க வேணும். பீட்சா குடுத்துத் திரிஞ்ச சதீசனே கத்துறான். உனக்கு நோகேல்லை. இது பொய்த்துணி எண்டு உனக்குத் தெரியும்."

தேனுஜா கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள்.  பிறகு மேசை லாச்சியை இழுத்து, சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை எடுத்து, அந்தப் புதுத் தையலை வெட்டி, உள்துணியை விலக்கிக் காட்டினாள். உள்ளே தங்க நூலில் வரிசையாக ஏதோ காய்.

"வெங்காயம்?" என்றேன்.

"மாதுளம்பழம்," என்றாள் தேனுஜா. "ஹென்றியின்ர முதல் ராணி கத்தரீனின்ர சின்னம். இரண்டாவதா ஆன் போலினை முடிச்ச பிறகு, அரண்மனைச் சுவரில இருந்த மாதுளம்பழத்தை எல்லாம் கொத்தி எடுப்பிச்சவை. இந்தத் தூதர் ஊர் திரும்பினது ஆன் ராணியா இருந்த காலத்தில. அப்ப அரசன் முதல் மனுசியின்ர சின்னம் போட்ட துணியை எல்லாருக்கும் முன்னால போர்த்தியிருப்பானோ?"

எனக்கு வழி தெரிந்தது. "ஏன் கூடாது? பழைய மனுசியின்ர சாமானை வீட்டில வைச்சிருக்க ஏலாது. அலுமாரியை ஒதுக்கியிருப்பார். வெளிநாட்டுக்காரன்தானே எண்டு அவன்ர தலையில கட்டியிருப்பார். உங்கட அப்பா செய்யிறதைத்தான் ஹென்றியும் செய்தவர்!"

தேனுஜா அழுகையும் சிரிப்புமாக என்னைப் பார்த்தாள். "இந்த மூலையைப் பிரிச்சுப் பாத்திட்டுத் திரும்பத் தைச்ச நேரம் நானும் முதல்ல அப்படித்தான் நம்பப் பாத்தனான் அண்ணா. அதை வைச்சு ஒரு அத்தியாயமே எழுதலாம் எண்டு நினைச்சனான். ஆனா உள்ளுக்குத் தையலைப் பாருங்கோ. ஒரே சீரா ஓடுது. மெசின் தையல். தையல் மெசின் வந்தது ஹென்றி செத்து முன்னூறு வருசத்துக்குப் பிறகு."

எட்டாம் ஹென்றி அந்த அறையில் இன்னொரு தரம் செத்தான். 

அவள் மீதியைத் தானாகவே சொன்னாள். அந்தத் துணியைப் பற்றி அவள் பாரிசில் பேசிக் கைதட்டல் வாங்கிவிட்டாள். பேராசிரியர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஆராய்ச்சியில் பாதி அதன் மேல்தான் நிற்கிறது. கொலோன்காரர் திங்கட்கிழமை உள்துணியைப் பிரித்தால் எல்லாம் முடிந்துவிடும். துணி காணாமல் போனால் எவராலும் பொய்யென்று சொல்ல முடியாது. காப்புறுதிக்காரர் சீமாட்டிக்குப் பணம் கொடுப்பார்கள், அவரும் பேசாமல் விட்டுவிடுவார் என்று நினைத்தாள்.

"எறிஞ்சிருக்கலாம், எரிச்சிருக்கலாம். ஏன் பொன்னாடைக்குள்ள வைச்சனி?" என்றார் அக்கா.

"எரிக்க மனம் வரேல்லை அக்கா. பொய்யெண்டாலும் அதோட இவ்வளவு காலம் இருந்திட்டன்." மூக்கைத் துடைத்தாள். "பொன்னாடை ஒருக்கா வீட்டை விட்டு வெளிக்கிட்டா திரும்பி வராது. கேட்டாலும் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டினம். அப்பா மேல கிடக்கிறதைத்தான் எடுப்பார் எண்டும் தெரியும்."

"அப்பாவை எப்ப நினைச்சனி?"

தேனுஜா கத்தரிக்கோலை லாச்சிக்குள் திரும்ப வைத்தாள்.

பிரபா அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். "துணி பொய்யாப் போனது உன்ர பிழையில்லை. உன்ர அப்பா ஞாயிற்றுக்கிழமையில இருந்து சாப்பிடேல்லை. நேற்று சங்கத் தலைவர் பதவியை விட்டிட்டார், உனக்குத் தெரியுமோ? பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்தவனுக்கு என்ன பதவி எண்டு கேட்டவராம். அது உன்ர பிழை."

"இரண்டு நாள் கவலைப்படுவார், பேந்து மறந்திடுவார் எண்டு நினைச்சன்" என்றாள் அவள். சொன்ன பிறகு அந்தச் சொற்கள் அவளுக்கே பிடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"துணி திரும்பி வந்திட்டுது, களவு ஒண்டும் நடக்கேல்லை. பொலிசுக்கு நான் சொல்ல ஒண்டுமில்லை," என்றார் அக்கா. "அந்தச் சீமாட்டி அம்மாவிட்டயும் பேராசிரியரிட்டயும் என்ன சொல்லுறது எண்டதை நீ யோசி. ஆனா என்னைத் துப்பறியச் சொன்னவர் உன்ர அப்பா. முடிவை அவருக்குச் சொல்லியாக வேணும். அவர் கீழ காருக்குள்ள இருக்கிறார். நான் சொல்லவோ, நீ சொல்லுறியோ?"

* * *

கீழே வந்தபோது விஜயரத்தினம் அண்ணை காரைவிட்டு இறங்கி மகளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "கிடைச்சிட்டுது பிள்ளை, பாத்தனியோ? ஒரு இடமும் கிழியேல்லை. நான் போய் அந்த அம்மாவிட்ட மன்னிப்புக் கேக்கிறன். என்ர மடத்தனம் எண்டு எழுதிக் குடுக்கிறன்."

தேனுஜா அவருக்கு முன்னால் நின்று சொல்லத் தொடங்கினாள். முதலில் ஜெர்மனில் தொடங்கி, அவருடைய முகத்தைப் பார்த்து நிறுத்தி, திரும்பத் தமிழில் முதலில் இருந்து சொன்னாள். நானும் அக்காவும் காருக்கு மறுபக்கத்தில் நின்றோம். நாகரிகமான ஆட்கள் என்றால் தள்ளிப் போயிருப்பார்கள். நாங்கள் துப்பறிகிறவர்கள்.

அவள் சொல்லி முடிக்கும் வரை அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். விளங்கவில்லையோ என்று எனக்குப் பயம் வந்தது.

"அப்ப," என்றார் கடைசியில், "நான் பிழை விடேல்லையே?"

"இல்லை அப்பா. நான்தான்."

"நான் எடுத்தது அலுமாரியில இருந்ததைத்தானே?"

"ஓம் அப்பா."

அவர் கார்க் கதவில் சாய்ந்தார். நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கியது போல நீளமாக மூச்சு விட்டார். அடுத்து கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன், அவளும்தான் எதிர்பார்த்திருப்பாள். தலை குனிந்து நின்றாள். அவளை அவர் அடித்திருந்தால்கூட அந்த நிமிடத்தில் அவள் நகர்ந்திருக்க மாட்டாள்.

"உந்தத் துணி பொய்யெண்டு உனக்கு எப்ப தெரியும்?"

"கோடை விடுமுறைக்கு முந்தியே."

அண்ணை மகளின் முகத்தைப் பார்த்தார். அந்தக் கோடையில் வீட்டுக்கு வந்தவள் சரியாகச் சாப்பிடாமல் போனதும், கேட்டால் வேலை கூட என்று சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அவ்வளவு நாளும் தனியவோ வைச்சிருந்தனி?" என்றார்.

தேனுஜா அப்போதுதான் உடைந்து அழுதாள். அறையில் எங்களுக்கு முன்னால் அழுதது எல்லாம் ஒரு அழுகையே இல்லை. படித்த பெண், பெரிய கண்ணாடி, பாரிஸ் மேடை எல்லாம் போய், நடுத்தெருவில் சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள். சைக்கிளில் போன மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணை அவளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு அந்த அம்மாவிட்டப் போறியோ?"

"போறன் அப்பா. பேராசிரியரிட்டயும் சொல்லப் போறன்."

"நானும் வாறன்."

"வேண்டாம் அப்பா. நானே கதைக்கிறன்."

"நீயே கதை. நான் ஒண்டும் கதைக்க மாட்டன்," என்றார் விஜயரத்தினம் அண்ணை. "பக்கத்தில நிக்கிறன்."

எனக்குச் சொல்வதற்கு நல்ல பகிடி ஒன்று வாய் வரைக்கும் வந்தது. பிரபா அக்கா என் கையைத் தட்டினார். நான் பேசாமல் போய்க் காரில் ஏறினேன்.